பாறையிலும் அலங்காரப் பொருட்களிலும் படியும் பாசி

கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதத்தில், வெள்ளையாக வாங்கிவந்த பாறை பழுப்பாகும், பிறகு பச்சையாகும். சிப்பியின் மேலும் செயற்கைப் பவளத்தின் மேலும் மயிர் போல ஏதோ ஆடும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குழாயடியில் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று கை பரபரக்கும். நன்னீர்த் தொட்டியில் கூழாங்கல்லைக் கழுவிப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் சீக்கிரம் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடல்நீர்த் தொட்டியில் பாறை வெறும் அலங்காரம் கிடையாது. தொட்டியின் முதன்மையான வடிகட்டி அதுதான்.

பாறையின் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்த முடியும் என்று 1961இல் எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகள் அந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. அந்தப் பாறையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் குளோரின் மேல்பரப்பு பாக்டீரியாக்களைக் கொல்லும். குளோரினே இல்லாத கிணற்றுத் தண்ணீராக இருந்தாலும் உப்பில்லாத நீர் உள்ளே புகுந்து, பாறையில் வாழும் சிறு புழுக்களும் நுண்ணுயிர்களும் சாகும். செத்தவை அழுகி அடுத்த இரண்டு நாளில் அம்மோனியா ஏறும். கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட அதிகத் தீங்கை இங்கே செய்யும்.

ஆகவே இந்த வேலையில் இரண்டு குறிக்கோள்கள். பாறை உயிரோடு இருக்க வேண்டும். பாசி தொட்டியை விட்டு வெளியேற வேண்டும். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீரிலிருந்த பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பாசியின் உடம்பாக மாறியிருக்கின்றன. தொட்டிக்குள்ளேயே தேய்த்துப் பறக்கவிட்டால் அந்தச் சத்து அங்கேயே கிடக்கும். துண்டுகள் வேறு பாறையில் ஒட்டி மறுபடி முளைக்கும். ஒரு கைப்பிடிப் பாசியை வெளியே எடுத்துப் போட்டால் அது குடித்திருந்த உரமும் கூடவே போய்விடும். பாசியை எடுப்பதே தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது என்று பாருங்கள்

பிரஷ்ஷைத் தொடும் முன் ஒரு பூதக்கண்ணாடியும் வெள்ளை வெளிச்சமும் வேண்டும். நீல விளக்கின் கீழ் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும்.

புதுத் தொட்டியில் முதலில் வருவது பழுப்புத் தூள். மாவு தூவியது போலப் பாறை, மணல் எல்லாவற்றின் மேலும் படியும். விரலால் தொட்டால் கலைந்துவிடும். இவை டயாட்டம்கள். தண்ணீரில் இருக்கும் சிலிக்காவை வைத்து ஓடு கட்டிக்கொள்ளும் உயிர்கள். சிலிக்கா தீர்ந்ததும் தானாக மறையும். இதற்காகப் பாறையை வெளியே எடுக்க வேண்டியதில்லை. பெரிய சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சி ஊதிவிட்டு, பில்டர் பஞ்சை அடிக்கடி மாற்றினால் போதும். மாதக்கணக்கில் போகாமல் இருந்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீரில் சிலிக்கா இருக்கிறது என்று பொருள்.

இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில், கல்லோடு கல்லாகக் கெட்டியாக ஒட்டியிருப்பது கோரலைன் பாசி. சுரண்டினாலும் எளிதில் வராது. அதுதான் உங்களுக்கு வேண்டியது. அது படர்ந்த இடத்தில் வேறு பாசி காலூன்றுவது கடினம். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், அல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச், மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் நிலையாக இருந்தால் அது தானே பரவும். அலங்காரப் பொருளில் இது படர்ந்தால் அழுக்கு என்று நினைத்துப் பிளீச்சில் போட்டுவிடாதீர்கள்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பில் வழவழப்பான போர்வை மாதிரி விரித்து, இழுத்தால் தாளாக உரிந்து வருவது உண்மையில் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. இதைப் பிரஷ்ஷால் தேய்ப்பது வீண். தேய்த்தால் துகளாகிப் பறந்து மூலைமுடுக்கெல்லாம் உட்காரும். குழாயை நேராக அதன் மேல் வைத்து உறிஞ்சி எடுப்பதே வழி. அது உட்கார்ந்த இடத்தில் நீரோட்டம் போதவில்லை என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது; நீரைச் சுழற்றும் பம்ப்பான பவர்ஹெட்டின் முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தொட்டியில் கரைக்கச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி காதில் விழும். நான் அதை ஏற்பதில்லை. சயனோவும் பாக்டீரியா, உங்கள் வடிகட்டியும் பாக்டீரியா.

பழுப்பு நிறச் சளி நூலாகத் தொங்கி, அதில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்தால் டைனோபிளாஜெல்லேட் என்று சந்தேகப்பட வேண்டும். பகலில் பெருகும், இரவில் குறைந்தது போலத் தெரியும். ஒரு சோதனை உண்டு. சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு புட்டியில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நூல் நூலாகத் திரும்ப ஒன்றுசேர்ந்தால் அது டைனோதான். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியமாக இருக்கும் தொட்டிகளில்தான் இது பெரும்பாலும் தலைதூக்குகிறது. சுத்தம் சுத்தம் என்று எல்லாச் சத்தையும் உறிஞ்சி எடுத்ததற்குக் கிடைக்கும் பலன் இது. சில வகைகள் நஞ்சு. தின்ற நத்தைகள் சாகும். இதற்கும் பிரஷ் உதவாது.

இந்த அத்தியாயத்தின் முக்கிய எதிரி பச்சை மயிர்ப் பாசி. நீளமாக, மெல்லிய இழையாக, நீரோட்டத்தில் ஆடும். இழை ஒவ்வொன்றும் சிறு இறகு போலக் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ். நத்தைகள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. குட்டையாக, முரட்டுத் துணி போல, பிடித்து இழுத்தாலும் வராமல் இருப்பது தரைப் பாசி. பச்சைக் கண்ணாடி மணி போல உருண்டு நிற்பது வலோனியா. இந்த நான்கும்தான் கையால் எடுக்க வேண்டியவை.

கருவிகள், முன்னேற்பாடு

கடினமான நைலான் டூத் பிரஷ் இரண்டு, நீளமான இடுக்கி, 12 மில்லிமீட்டர் குழாய், உப்புத் தண்ணீருக்கென்றே ஒதுக்கிய மூன்று வாளிகள், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சோப்பு பட்ட வாளி எதுவும் வேண்டாம். இரும்புக் கம்பி பிரஷ் துருவை விட்டுச் செல்லும். பித்தளைக் கம்பி பிரஷ் அதைவிட மோசம்: பித்தளையில் தாமிரம் இருக்கிறது, தாமிரம் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் நஞ்சு.

வாராந்திரத் தண்ணீர் மாற்றும் நாளோடு இந்த வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் தொட்டி என்றால் 30 லிட்டர் மாற்றப்போகிறீர்கள். வெளியே வரும் அந்தப் பழைய நீரே பாறை கழுவுவதற்குச் சரியான நீர். புதுத் தண்ணீரை முந்தின நாளே கலக்கி வையுங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 30 லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். சிறு பம்ப்பைப் போட்டு இரவு முழுக்கச் சுழலவிட்டால் காலையில் அடர்த்தி 1.025இல் நிற்கிறதா என்று ரிப்ராக்டோமீட்டரில் பார்க்கலாம்.

தண்ணீர் மட்டத்தை இறக்கும் முன் ஹீட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். சூடான ஹீட்டர் காற்றில் தெரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். பம்ப், ஸ்கிம்மர், பவர்ஹெட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரில் கை வைத்துக்கொண்டு மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி மீன் தொட்டியிலிருந்து காயம் வழியாக ஏறி, ஆறாத கட்டிகளை உண்டாக்கும். குணமாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

பாலிடாக்சின்: இதை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்

உங்கள் பாறையில் ஜோயாந்திட் அல்லது பாலித்தோவா இருக்கிறதா? பொத்தான் மாதிரி வட்டமாகக் கூட்டமாக விரிந்திருக்கும் உயிர்கள். இவற்றில் சில பாலிடாக்சின் என்ற நஞ்சைச் சுமக்கின்றன. ஹவாயின் மாவுயி தீவில் ஹானா என்ற ஊரருகே, ஒரே ஒரு கடற்குட்டையில் கிடைத்த பாலித்தோவாவிலிருந்து ரிச்சர்ட் மூரும் பால் ஷாயரும் இதைப் பிரித்தெடுத்து 1971இல் அறிவித்தார்கள். அந்தத் தீவின் பழங்குடிகள் அந்த உயிரைக் கொலைகாரப் பாசி என்று அழைத்து, ஈட்டி முனையில் தடவிய கதை வழிவழியாக உண்டு. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் பாலிடாக்சினும் ஒன்று.

பாசி போகட்டும் என்று பாறையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டவர்கள், அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள், நுண்ணலை அடுப்பில் வைக்காதீர்கள். ஜோயாந்திட் உள்ள பாறையைக் காற்றில் வைத்துப் பிரஷ் போட்டால் துளி தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அவற்றைச் சுற்றி நீருக்கடியில் இடுக்கியால் மட்டும் பாசியைப் பிடுங்குங்கள். வேலை முடிந்த பிறகு காய்ச்சல், வாயில் உலோகச் சுவை, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், மீன் தொட்டிப் பவளத்தைத் தொட்டேன் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

பாறையைத் தேய்க்கும் முறை

கலைப்பதற்கு முன் பாறை அடுக்கைக் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அடுக்கிய பாறைகளில் ஒன்றை உருவினால் மற்றது சரிந்து கண்ணாடியில் மோதலாம். மேலிருந்து கீழே வாருங்கள். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு பாறைக்கு மேல் எடுக்க வேண்டாம். மீதியை அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேய்த்தால் பாக்டீரியாப் படலமும் போய், கிளறிய கசடும் சேர்ந்து தொட்டியைத் தடுமாற வைக்கும்.

மூன்று வாளியிலும் தொட்டி நீரை நிரப்புங்கள். ஒன்று தேய்க்க, ஒன்று அலச, ஒன்று காத்திருக்க. பாறையைத் தூக்கியதும் துளைகளைக் கவனியுங்கள். கோபி மீனோ இறாலோ உள்ளே ஒளிந்திருக்கும். பாறையைச் சாய்த்துத் தொட்டிக்குள்ளேயே தண்ணீர் வடியவிட்டால் அவை இறங்கிவிடும்.

பிரஷ்ஷை உடனே எடுக்காதீர்கள். முதலில் விரலால் பாசியை வேரோடு சேர்த்துப் பிடித்து, கீரை ஆய்வது போலக் கொத்துக் கொத்தாகப் பிடுங்குங்கள். எடுத்ததையெல்லாம் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். நீளம் போன பிறகு, பாறையை முதல் வாளியில் நீருக்குள் அமிழ்த்தியே டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் அரக்கினால் துண்டுகள் துளைக்குள் போய் அடைபடும். அடி ஒட்டியிருக்கும் இடங்களில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அங்கே விட்ட துணுக்குதான் பத்து நாளில் மறுபடி தழைக்கும். ஊதாக் கோரலைன் இருக்கும் பகுதியைத் தொடாமல் சுற்றிப் போங்கள். பிறகு இரண்டாம் வாளியில் வேகமாக ஆட்டி அலசினால் ஒட்டியிருக்கும் துகளும் பாறைக்குள் தேங்கிய கசடும் கொட்டும். பழுப்பாகக் கலங்கும் அந்த நீரைப் பார்த்தால் எவ்வளவு உரம் உள்ளே தேங்கிக் கிடந்தது என்று புரியும். அதைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வலோனியாவுக்குப் பொறுமை வேண்டும். மணியைப் பிதுக்கி உடைக்காமல், அடியில் தட்டையான ஸ்குரூடிரைவர் முனையைக் கொடுத்து நெம்பினால் முழுதாகக் கழன்று வரும். வாளியில் வைத்துச் செய்தால் உடைந்தாலும் கவலையில்லை.

பாறைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தாலோ, பவளம் பற்றிக்கொண்டிருந்தாலோ வெளியே எடுக்க முடியாது. அப்போது டூத் பிரஷ்ஷை உறிஞ்சு குழாயின் வாயருகே ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கழன்ற பாசியைக் குழாய் அங்கேயே உறிஞ்சிவிடும். குழாயின் மறுமுனையை சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியில் மாட்டிய பில்டர் பைக்குள் விட்டால், தண்ணீர் வீணாகாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். முடிந்ததும் அந்தப் பையை உடனே கழற்றிவிட வேண்டும். பையில் அழுகவிட்டால் எடுத்ததற்குப் பயனில்லை.

இத்தனைக்கும் அடங்காத பாசிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. 3 சதவீதக் கரைசல் போதும். நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 வால்யூம் என்று எழுதியிருக்கும் 6 சதவீதக் கரைசல். லேபிளைப் பார்த்து, அதே அளவு சுத்தமான தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துப் பாசியைப் பிடுங்கித் தேய்த்த பாறையில், மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் சிறு பிரஷ்ஷாலோ சிரிஞ்சாலோ தடவுங்கள். நுரைக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்துக் கடல்நீரில் நன்றாக அலசித் திரும்ப வையுங்கள். நான்கைந்து நாளில் அந்த இடம் வெளுக்கும். பாறை முழுவதையும் பெராக்சைடில் ஊறப்போட்டால் மேல்பரப்பு உயிர்களும் சாகும் என்பதால் புள்ளி வைப்பது போல இட்டாலே போதும். இறாலும் கோரலைன் பாசியும் பெராக்சைடைத் தாங்காதவை. அதை நேரடியாகத் தொட்டியில் ஊற்றுவதை ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

எல்லாம் திரும்ப வைத்ததும் புதுத் தண்ணீரை ஊற்றி, பம்ப்புகளை ஓடவிட்டு, கடைசியாக ஹீட்டரைப் போடுங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பனும் பில்டர் பஞ்சும் வையுங்கள். பஞ்சை மறுநாளே மாற்றுங்கள். அடுத்த மூன்று நாள் அம்மோனியா சோதனை அவசியம். தீனியையும் அந்த நாட்களில் குறையுங்கள்.

அலங்காரப் பொருட்கள்

இவை பாறையைவிட எளிது. உயிர் இல்லாத பொருளைக் கடுமையாகவே கழுவலாம். ஆனால் எதனால் செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பீங்கான், கண்ணாடி, சாயம் போகாத கெட்டிப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பிளீச்சில் போடலாம். மணமில்லாத, வேறு எதுவும் கலக்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, கால் மணி நேரம். பிறகு ஓடும் தண்ணீரில் கழுவி, குளோரின் நீக்கும் மருந்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்ட நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். மூக்கருகே வைத்து முகர்ந்தால் பிளீச் வாடை துளியும் இருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரை நான் சொல்லமாட்டேன். சுண்ணாம்புக் கசடு இண்டு இடுக்குகளில் தங்கும். பிளீச்சோடு வினிகரையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்: குளோரின் வாயு கிளம்பும். பெராக்சைடையும் அதோடு கலக்கக் கூடாது. மாடியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

ரெசினில் வார்த்துச் சாயம் பூசிய கோட்டை, கப்பல் போன்றவை பிளீச்சில் நிறம் இழக்கும். சாயம் உரிய ஆரம்பித்தால் அதைத் தொட்டியில் வைத்திருப்பதே சரியில்லை. அவற்றுக்கு 3 சதவீதப் பெராக்சைடும் டூத் பிரஷ்ஷும் போதும். சிப்பி, சங்கு ஆகியவை கால்சியம் கார்பனேட் என்பதால் வினிகரில் போட்டால் கரையும்; வினிகரைப் பம்ப்பிலும் ஹீட்டரிலும் படியும் வெள்ளைக் காரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணியால் செய்த செடிகள் நைந்துபோனால் தூக்கிப் போட்டுவிடலாம்.

இரண்டு செட் அலங்காரம் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஒன்று தொட்டியில் இருக்கும்போது இன்னொன்று வெயிலில் காயும். நாலைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்த மயிர்ப் பாசி தூளாக உதிர்ந்துவிடும்; பல சமயம் பிளீச்சே தேவைப்படாது.

மேய்பவர்கள்

1983இல் பனாமா கரையோரம் கறுப்பு நீள்முள் கடல் முள்ளெலிகள் ஏதோ நோயால் சாகத் தொடங்கின. ஓராண்டுக்குள் கரீபியன் கடல் முழுக்க அவை ஏறக்குறைய அழிந்தன. ஜமைக்காவில் அதற்கு முன்பே மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். 1980இல் ஆலன் புயலும் அடித்திருந்தது. பாசியை மேய்வதற்குக் கடைசியாக மிஞ்சியிருந்த முள்ளெலிகளும் போனதும், பாறைத்திட்டுகளில் 4 சதவீதம் இருந்த பாசி பத்து ஆண்டுகளில் 90 சதவீதத்தைத் தாண்டியது. பாதிக்கு மேல் இருந்த பவளம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கடலில் பாறையைச் சுத்தமாக வைத்திருப்பது தொடர்ந்து மேயும் வாய்கள். உங்கள் தொட்டியிலும் பிரஷ் தொடங்கிவைக்கும் வேலையை அவைதான் முடிக்க வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். நீண்ட மயிர்ப் பாசியை நத்தை தின்னாது. நீங்கள் பிடுங்கித் தேய்த்துக் குட்டையாக்கிய பிறகு துளிர்ப்பதைத்தான் அது மேயும். டிரோக்கஸ் நத்தைக்கு என் முதல் ஓட்டு: கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியா நத்தை அப்படி நிமிராமல் மணலில் கிடந்து செத்துப்போகும். டர்போ பெரும் தீனிக்காரன், ஆனால் ஒட்டாத பவளத் துண்டுகளைப் புரட்டித் தள்ளும். ஹெர்மிட் நண்டுகள் ஓட்டுக்காக நத்தையைக் கொல்வதுண்டு. வலோனியாவுக்கு எமரால்டு நண்டு. டக்சிடோ முள்ளெலி தரைப் பாசியையும் சுரண்டும், கோரலைனையும் சேர்த்துத் தின்னும். கடல் முயல் மயிர்ப் பாசியை மளமளவெனத் தீர்க்கும். தீர்ந்ததும் பட்டினியால் சாகும், மிரண்டால் மை கக்கும். பாசி நிறைந்த தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குள் அதைச் சுற்றில் விடுவதே அதற்குச் செய்யும் நியாயம்.

மீன்களில் சர்ஜன் வகைகள் நன்றாக மேயும். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அவற்றை அடைப்பது கொடுமை. பாக்ஸ்பேஸ் மீன் நம் கடலோர மக்கள் ஓரா என்று சொல்லும் மீனின் இனம். ஓரா முள் குத்தினால் எப்படி வலிக்கும் என்று மீனவர்களிடம் கேளுங்கள். தொட்டியில் கைவிடும்போது அந்த நினைப்பு இருக்கட்டும்.

பாசி திரும்ப வராமல் இருக்க

சோதனை செய்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் குறைவாகக் காட்டுகிறது, ஆனாலும் பாசி மண்டுகிறது என்று பலர் குழம்புவார்கள். பாசிதான் அந்தச் சத்தைக் குடித்துவிடுகிறது. கருவி காட்டுவது அது மிச்சம் வைத்ததை மட்டும். கையால் பாசியை அகற்றிய பிறகு எடுக்கும் அளவுதான் உண்மையை நெருங்கியிருக்கும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. பூஜ்ஜியத்துக்கு ஆசைப்பட்டால் டைனோவை வரவேற்பதாகும்.

நம் ஊரில் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் வர வேண்டும். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரங்களில் சுவைக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். அது கொஞ்சம் மூல நீரைத் திரும்பக் கலக்கிறது. அந்த நீரில் தொட்டி வைத்தால் பாசிக்கு உரம் போட்டதாகிவிடும். ஆர்ஓவுக்குப் பின்னால் டிஐ ரெசின் வைத்து, டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும் நீரையே உப்புக் கலக்கவும், ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டவும் ஊற்றுங்கள். சென்னையில் கடற்கரைத் தண்ணீரை கேனில் கொண்டுவந்து ஊற்றுபவர்கள் கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கு அருகே எடுக்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேறு எங்கும்கூட எடுக்காதீர்கள். ஆற்று வெள்ளம் உப்பைக் குறைத்து உரத்தைக் கூட்டியிருக்கும்.

அடுத்து பாறையே. கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் வாங்கும் உலர்ந்த பாறையின் துளைகளில் பழைய உயிர்களின் மிச்சம் காய்ந்து கிடக்கலாம். அதோடு கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. தண்ணீரில் பாஸ்பேட் குறையக் குறையப் பாறை அதை மெல்லக் கசியவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் போராடியும் எண் குறையாமல் நிற்கும். தொட்டியில் வைக்கும் முன்பே மூடிய டிரம்மில், இருட்டில், உப்பு நீரும் பம்ப்பும் போட்டு ஒன்றிரண்டு மாதம் ஊறவைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் பெரிக் ஆக்சைடு குருணையைச் சிறிய அளவில் தொடங்கி வாரம்தோறும் அளந்து மாற்றிவர வேண்டும். உறைந்த இறால் தீனியை வடிகட்டியில் அலசிவிட்டுப் போடுவது, விளக்கை 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல் இருப்பது, வெள்ளை, சிவப்பு ஒளியைக் குறைத்து வைப்பது, சன்னல் வெயில் படாத சுவரோரம் தொட்டியை வைப்பது எல்லாம் சிறு விஷயங்கள்தான். விடாமல் செய்தால் பலிக்கும்.

மூன்று நாள் இருட்டடிப்பைப் பற்றிக் கேட்பீர்கள். சயனோவுக்கும் டைனோவுக்கும் ஓரளவு உதவும். மயிர்ப் பாசி அடர்ந்திருக்கும்போது செய்தால் செத்த பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்னும். சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகைக்கு மேல் போனால் அதில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. முதலில் கையால் எடுத்துவிட்டு, காற்றுக் குழாய் போட்டுவிட்டுத்தான் இருட்டாக்க வேண்டும்.

எடுத்த பாசியை எங்கே போடுவது

1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடியிலுள்ள கடலில் ஒரு சதுர மீட்டர் அளவு கௌலெர்ப்பா டாக்சிபோலியா என்ற தொட்டிப் பாசி காணப்பட்டது. அது மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவி, கடற்புல் வெளிகளை மூடியது. அதே பாசி 2000இல் கலிபோர்னியாவின் ஒரு காயலில் தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி அழித்து, முழுதாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. நம் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவருகே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாபைகஸ் பாசி பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தொட்டியிலும் வளர்ப்புப் பண்ணையிலும் இருக்க வேண்டிய பாசிக்குக் கடலில் என்ன வேலை என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடற்கரையில் வசித்தாலும் பாசியையோ, பாறை கழுவிய நீரையோ, வேண்டாத பாறையையோ கடலிலும் முகத்துவாரத்திலும் கொட்டாதீர்கள். கழுவிய நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றினால் உப்பு செடியைக் கொல்லும். பழைய பாறைக்குப் பதில் கடலிலிருந்து எடுத்துவரலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த துண்டை எடுப்பதும் குற்றம். பிடுங்கிய பாசியைத் தட்டில் பரப்பி, மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.